கை அறிந்த தொழிலுக்கு ஏட்டில் சான்று உண்டா?



நெய்யாறு கடலோடு கலக்கும் பூவாருக்குத் தெற்கே, கேரளத்தின் கடைக்கோடியில், தமிழ்நாட்டு நீரோடிக்கு அருகே கிடக்கிறது பொழியூர். அங்கிருந்தும், உள்நாட்டில் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரையுள்ள எல்லைக் கிராமங்களிலிருந்தும் புறப்பட்டு வந்த குடும்பங்கள் இன்று சென்னை, பெங்களூர், மும்பை நகரங்களில் நம்முடைய சபைகளில் ஆராதித்து வருகின்றன. அக்குடும்பங்களின் வாலிபர்கள் பிழைப்புக்காகக் கையில் எடுத்த தொழில்களுள் குழாய்த் தொழிலும் ஒன்று. இம்மாதம் அவர்களுக்காகவும், அவர்களை வேலைக்கு அழைத்துச் செல்லும் காண்டிராக்டர் சகோதரர்களுக்காகவும், ஊரில் காத்திருக்கும் தாய்மாருக்காகவும் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

கடலை நம்பி வாழ்ந்த ஊர் ஏன் குழாயைப் பிடித்தது என்று கேட்க வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி ஓகிப் புயல் வீசியபோது பூந்துறை, விழிஞ்ஞம் கரைகளோடு பொழியூர்க் கரையும் தன் மீனவரை இழந்தது. கடலரிப்போ ஆண்டுதோறும் வீடுகளைத் தின்றுகொண்டிருக்கிறது. இவற்றைக் கண்ட தகப்பன்மார், “என் மகன் கரையிலே நின்று செய்யும் வேலை எதையாகிலும் கற்கட்டும்” என்று நினைப்பது இயல்பே. ஆனால் கரையிலே செய்யும் வேலைக்கும் ஆழம் உண்டு என்பதைத்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

பெரும்பாலோர் இத்தொழிலைக் கற்ற விதம் எல்லாருக்கும் தெரியும். பத்தாம் வகுப்போடு பள்ளி நின்றது. மாமாவோ சித்தப்பாவோ நகரத்தில் மேஸ்திரி. அவரோடு ரயில் ஏறினான் பையன். முதல் வருடம் சாமான் சுமந்தான், சுவர் வெட்டினான். அடுத்த வருடம் பைப் ரிஞ்சு கைக்கு வந்தது. ஐந்தாம் வருடம் அவனே வேலையைப் பேசி எடுத்தான். கண் பார்த்தது, கை செய்தது, அவ்வளவே. இதைக் குறைத்துச் சொல்ல நமக்கு மனமில்லை. அப்போஸ்தலனாகிய பவுலும், ரோமாபுரியை விட்டு வந்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கொரிந்து பட்டணத்தில் கூடாரம் பண்ணும் தொழிலால் ஒன்றாய் வாழ்ந்தார்கள் (அப்போஸ்தலர் 18). புலம்பெயர்ந்தவன் கையில் ஒரு தொழில் இருப்பது அன்றும் இன்றும் பெரிய பாக்கியம்.

எனினும், நகரம் இப்போது வேறொரு கேள்வியைக் கேட்கிறது: “உனக்குத் தெரியும் சரி, தெரியும் என்பதற்கு எழுத்து எங்கே?”

இக்கேள்விக்கு நமக்கு முன்னமே விடை தேடிய ஊர் ஒன்று உண்டு. ஒடிசா மாநிலம் கேந்திரபாடா மாவட்டத்தில் பட்டாமுண்டை என்னும் ஊர். அதுவும் கடலோர மாவட்டம்; அங்கும் சதபாயா என்னும் கிராமத் தொகுதியைக் கடல் விழுங்கியது. அப்பகுதியார் பல தலைமுறைகளுக்கு முன்னே கல்கத்தாவுக்குக் குழாய் வேலைக்குப் போனார்கள். அண்ணன் தம்பியை அழைத்தான், தம்பி மைத்துனனை அழைத்தான். இன்று டில்லி முதல் வளைகுடா வரை “பிளம்பர்” என்றாலே பட்டாமுண்டைக்காரர் என்னும் பேர் பரவியிருக்கிறது. ஆனால் அவர்கள் பேரோடு நின்றுவிடவில்லை. குழாய்த் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு மாநிலப் பயிற்சி நிலையம் அந்தச் சிற்றூரிலேயே நிறுவப்பட்டுள்ளது. தகப்பனிடம் கற்றதைப் பிள்ளை வகுப்பறையிலும் கற்று, சான்றோடு புறப்படுகிறான்.

“தேவன் கைகளைப் பழக்குவித்தார், இனி மனுஷர் தரும் காகிதம் எதற்கு?” என்று சிலர் கேட்பதுண்டு. பக்தியாய்க் கேட்கிற கேள்விதான்; ஆனால் வேதம் அப்படிச் சொல்லவில்லை. ஆசரிப்புக் கூடார வேலைக்கென்று பெசலெயேலை ஆவியினால் நிரப்பிய கர்த்தர், அவனுக்கும் அகோலியாபுக்கும் மற்றவருக்குப் போதிக்கும் மனதையும் அருளினார் என்று யாத்திராகமம் 35-ஆம் அதிகாரம் 34-ஆம் வசனம் தெரிவிக்கிறது. கற்பிப்பதும் கற்பதும் அந்த வரத்தின் ஒரு பாகமே. இங்கே மேஸ்திரிமாருக்கு ஒரு வார்த்தை: “இவன் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டால் நாளை நமக்கே போட்டியாவான்” என்று நுணுக்கத்தைக் கையாளிடமிருந்து மறைக்கும் வழக்கம் நம்முடைய தொழிலில் உண்டு. ஞாயிறன்று பக்கத்துப் பாயில் உட்காருகிறவனிடம் திங்களன்று மறைப்பது நன்றாயில்லை.

தொழிலும் பழையபடி இல்லை. ஜி.ஐ. குழாயில் மரை வெட்டி, சணல் சுற்றி இணைத்த காலம் நகரங்களில் ஏறக்குறைய முடிந்தது. 1990-களின் கடைசியில் இந்தியாவுக்கு வந்த சி.பி.வி.சி. குழாய் இன்று வீடுகளின் வெந்நீர், தண்ணீர் இணைப்புகளை நிறைத்துவிட்டது. பார்வைக்கு அதுவும் ஒரு பிளாஸ்டிக் குழாய். ஆனால் சாதாரண பி.வி.சி. ஏறத்தாழ 60 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தைத் தாங்காது, சி.பி.வி.சி. 93 டிகிரி வரை தாங்கும். இரண்டுக்கும் ஒட்டும் பசை வேறு. அவசரத்தில் ஒன்றுக்குரிய பசையை மற்றொன்றுக்குப் பூசினால் அன்று மாலை ஒழுகாது. ஆறு மாதம் கழித்து, டைல்ஸ் ஒட்டிய சுவருக்குள்ளே ஒழுகும். வெட்டிய முனையின் பிசிறை நீக்காமல் ஒட்டுவது, பசை உறையுமுன் தண்ணீர் விடுவது, வேலை செய்யும் அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு அழுத்தம் வைத்துச் சோதிக்காமலே சுவரை மூடச் சொல்லுவது, இவையெல்லாம் கண் பார்த்துக் கற்றவர் செய்யும் வழக்கமான தவறுகள். அவர்களுக்குக் கற்பித்தவரும் அப்படியே செய்தார். அவரைக் குற்றஞ்சொல்லிப் பயனில்லை.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத ஒன்று, தரைத்துளைக்குக் கீழே இருக்கும் டிராப். வளைந்த அந்தக் குழாயில் எப்போதும் ஏறக்குறைய இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்று வீட்டுக்குள் ஏறாதபடி காக்கும் கதவு. காற்றுக்குழாய் சரியாக வைக்காவிட்டால், மேல்மாடியில் ஒருவர் தண்ணீரைத் திறந்துவிட்டதும் கீழ்மாடி டிராப்பிலுள்ள நீர் உறிஞ்சப்பட்டுப் போகும். பயன்படுத்தாத தரைத்துளையில் அது காய்ந்தும் போகும். “காய்ந்தால் கொஞ்சம் நாற்றம் வரும், அவ்வளவுதானே?” என்று எண்ணாதீர்கள். 2003-ஆம் ஆண்டு ஹாங்காங்கில் சார்ஸ் நோய் பரவிய நாட்களில், அமோய் கார்டன்ஸ் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். 42 பேர் மரித்தார்கள். ஆராய்ந்தபோது, குளியலறைத் தரையிலிருந்த டிராப்புகள் காய்ந்து கிடந்ததும், அதன் வழியாய்க் கழிவுக்குழாயின் நுண்துளிகள் வீடுகளுக்குள் ஏறியதும் முக்கிய காரணமாய்க் கண்டறியப்பட்டது. எத்தனை வைத்தியர்கள் போராடிய நோய்! அதற்கு வழி திறந்துகொடுத்தது ஒரு சாண் தண்ணீர்கூட இல்லாத ஒரு வளைவு. நாம் செய்வது சிறிய வேலை என்று எந்தப் பிளம்பரும் நினைக்க வேண்டாம்.

கழிவுக்குழாயின் சரிவும் அப்படித்தான். நான்கு அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஓர் அடி, ஆறு அங்குலத்துக்கு 60 அடிக்கு ஓர் அடி என்பது பழைய நடைமுறைக் கணக்கு. கண்மட்டத்தில் வைத்துப் போகிறவர், மட்டக்குழாயை எடுத்துப் பார்க்கச் சோம்பல்படுகிறார். எசேக்கியா ராஜாவின் வேலைக்காரர் அப்படிச் சோம்பியிருந்தால் எருசலேம் தாகத்தால் விழுந்திருக்கும். அசீரியர் வருமுன்னே, கீகோன் ஊற்றின் தண்ணீரை நகரத்துக்குள் கொண்டுவர அவன் கால்வாய் வெட்டினதை 2 இராஜாக்கள் 20-லும் 2 நாளாகமம் 32-லும் வாசிக்கிறோம். அந்தச் சுரங்கம் இன்றும் இருக்கிறது. நீளம் ஏறக்குறைய 533 மீட்டர். இரண்டு முனைகளிலிருந்தும் இரண்டு கூட்டத்தார் பாறையைக் குடைந்து வந்து நடுவில் சந்தித்தார்கள். ஒருவர் அழைத்த குரல் மற்றவர் காதில் விழுந்த செய்தியைச் சொல்லும் எபிரெயக் கல்வெட்டு 1880-இல் அதனுள்ளே கண்டெடுக்கப்பட்டு, இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் உள்ளது. இவ்வளவு நீளத்துக்கும் தரையின் இறக்கம் ஏறக்குறைய ஓர் அடி மட்டுமே. அந்த இறக்கத்தில்தான் தண்ணீர் இன்றுவரை சீலோவாம் குளத்துக்கு ஓடுகிறது. அளந்து செய்தார்கள், அல்லது ஓடியிராது.

இப்போது, எழுதவே கை நடுங்கும் காரியத்துக்கு வருகிறோம்.

2024-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் தேதி திருவனந்தபுரத்தில், ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் தோட்டைச் சுத்தம் செய்ய இறங்கிய தொழிலாளி ஒருவரை மழைநீர் திடீரெனப் பெருகி இழுத்துச் சென்றது. அவர் நம்முடைய நெய்யாற்றின்கரை வட்டாரத்தவர். ஒப்பந்தக்காரர் ஒருவரின் கீழ் தினக்கூலிக்குச் சென்றவர். மலைபோல் குவிந்த குப்பைக்குள்ளே முக்குளிப்போரும் மீட்புப் படையினரும் இயந்திரமனிதனும் தேடினார்கள். மூன்றாம் நாள், வேறோர் இடத்தில், சடலமாய் மிதந்தார். அவர் எந்தச் சபை, எந்த மதம் என்பது நமக்குக் கேள்வியல்ல. காலையில் தாயிடம் சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவில்லை.

அதற்கு முன்னே, 2015 நவம்பர் 26-ஆம் தேதி கோழிக்கோட்டில், ஆள்நுழை குழிக்குள் இறங்கிய ஆந்திரத் தொழிலாளர் இருவர் மூச்சடைத்து விழுந்தனர். வழியே வந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் அவர்களைக் காப்பாற்றக் குதித்தார். மூவருமே மரித்தார்கள். அச்செய்தியால் அசைக்கப்பட்ட கேரளப் பொறியியல் மாணவர்கள் சிலர், மனிதனுக்குப் பதிலாய்க் குழிக்குள் இறங்கும் ‘பாண்டிகூட்’ என்னும் இயந்திரத்தைச் செய்தார்கள். 2018-இல் அது திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது. இவ்விதமான கண்டுபிடிப்புகளுக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம். ஆனால் நகரத்து அடுக்குமாடியின் பின்புறத்தில், “அடைப்பு இருக்கிறது, கொஞ்சம் இறங்கிப் பார்” என்று உங்களிடம் சொல்லுகிறவரிடத்தில் அந்த இயந்திரம் இராது.

கவனியுங்கள். செப்டிக் டேங்குக்குள்ளும் மூடிய குழிக்குள்ளும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு நிற்கிறது. கொஞ்சமாய் இருக்கும்போது அழுகிய முட்டைபோல் நாறும். அதிகமாகும்போது மூக்கின் உணர்வையே அது மரத்துப்போகச் செய்யும். நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கிறவன் மரணத்துக்குள் இறங்குகிறான். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது சோதனையல்ல. மீதேன் வாயு இருந்தால் அதுவே வெடிக்கும். ஒருவன் விழுந்தால் அவனைத் தூக்க இரண்டாமவன் இறங்குவது, பிறகு மூன்றாமவன் இறங்குவது, இப்படித்தான் ஒரே வீட்டார் ஒரே குழியில் மாண்ட செய்திகள் வருகின்றன. பயிற்சி பெற்றவன் வாயுவை அளக்கும் கருவியின்றி, மூச்சுக் கருவியும் இடுப்புக் கயிறும் மேலே காவலாளியும் இன்றி இறங்கமாட்டான். முதலில், இறங்காமலே முடிக்க வழியுண்டா என்று பார்ப்பான்.

காண்டிராக்டர் சகோதரரே, சட்டமும் உங்களைப் பார்த்தே பேசுகிறது. 2013-ஆம் ஆண்டின் சட்டத்தின்படி, பாதுகாப்பில்லாமல் ஒருவரைச் சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ இறக்குவது குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டுவரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. இவ்வித மரணங்களுக்கு 2014-இல் பத்து லட்சமாய் நிர்ணயித்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 20-ஆம் தேதி முப்பது லட்சமாய் உயர்த்தியது. இவற்றுக்கெல்லாம் முன்னே, வீடு கட்டுகிறவன் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டாமல் யாராகிலும் விழுந்தால் இரத்தப்பழி அவன் வீட்டின்மேல் வரும் என்று உபாகமம் 22-ஆம் அதிகாரம் எச்சரித்திருக்கிறது. “அவன்தான் இறங்கினான், நான் சொல்லவில்லை” என்னும் பதில் அந்த வசனத்துக்கு முன்னே நிற்காது.

சரி, எங்கே கற்பது?

வயது குறைந்த தம்பிமாருக்கு ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையமே நேர்வழி. அங்குப் பிளம்பர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. பத்தாம் வகுப்பில் தேறாதவருக்கும் அதில் இடமுண்டு. தேர்வில் வென்றால் கிடைக்கும் தேசியத் தொழிற்சான்று இந்தியா முழுவதும் செல்லும். எல்லைக் கிராமத்தாருக்கு இது முக்கியம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தெற்கே நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதுமுதல் பேசும் மொழி ஒன்று, சர்க்கார் காகிதம் வேறொன்று என்பதே நம் பாடு. தேசியச் சான்றுக்கு களியக்காவிளைச் சாவடி கிடையாது. பாறசாலைக்கு அருகே தனுவச்சபுரத்தில் அரசு ஐ.டி.ஐ. உள்ளது, தமிழ்நாட்டுப் பக்கத்தில் நாகர்கோவில் கோணத்தில் உள்ளது. எந்தப் பிரிவில் எத்தனை இடம் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும்; சேர்க்கைக் காலத்தில் நேரில் போய்க் கேட்பதே நல்லது.

படிப்பு முடிந்தபின் 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் உதவித்தொகையோடு பெரிய நிறுவனத்தில் பழகலாம். குழாயோடு குளிர்சாதனம், தீயணைப்புக் குழாய்கள், பம்பு அறை ஆகியவற்றையும் அங்கே காண நேரும். நகரங்களில் பெரிய கட்டடங்களின் ஒப்பந்தம் இப்போது இவையனைத்தும் சேர்ந்தே தரப்படுகிறது. குழாய் மட்டும் தெரிந்தவர் உட்குத்தகைக்காரராகவே நின்றுவிடுகிறார்.

ஏற்கெனவே பத்து, பதினைந்து வருடம் வேலை செய்த அண்ணன்மாருக்கு? ஓராண்டு பெஞ்சில் உட்கார இயலாது. வீட்டு வாடகையை யார் கட்டுவது? அவர்களுக்கென்றே, முன்பு கற்ற திறமையைச் சோதித்துச் சான்று தரும் முறையொன்று 2015-இல் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. சில நாள் அறிமுக வகுப்பு, பிறகு செய்முறைத் தேர்வு. நீர் மேலாண்மை மற்றும் பிளம்பிங் திறன் குழுமம் என்னும் அமைப்பு இத்தொழிலுக்கான தேர்வுத் தரத்தை வகுத்திருக்கிறது. எழுதப் படிக்கத் தயங்குகிறவர்களும் செய்து காட்டலாம். கேரளத்தில் வீட்டு இணைப்பு வேலைக்கு நீர் ஆணையத்தின் உரிமம் பெற்ற பிளம்பர் தேவை. நீங்கள் வாழும் நகரத்தின் குடிநீர் வாரியத்திலும் இதுபோன்ற பதிவு உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதியாதவர் இன்னும் அநேகர். வேலையில் விபத்து நேரும் நாளில்தான் அந்த அட்டையின் அருமை தெரிகிறது.

வளைகுடா செல்ல விரும்புவோருக்கு: சவூதி அரேபியா சில ஆண்டுகளாக, பிளம்பர் உள்ளிட்ட சில தொழில்களுக்கு, விசா தருமுன் இந்தியாவிலேயே திறன் தேர்வு நடத்துகிறது. “அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்னும் காலம் கழிந்தது. பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட்டுக்குக் குடியேற்ற அனுமதி வேண்டும். அவர்களுக்குரிய பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டை இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய்க்குப் பெறலாம். கேரளத்தவர் நோர்க்கா அலுவலகத்தையும், தமிழ்நாட்டவர் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையும் அணுகலாம். தேர்வே எழுதாமல் சான்று வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜென்டுகளும் உண்டு. அவர்களில் சிலர் ஜெபக்கூட்டத்துக்கும் வருவார்கள், உரக்கவே அல்லேலூயா சொல்லுவார்கள். பணத்தைக் கையில் கொடுக்குமுன் அவருடைய பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் ஒரு வாலிபனைக்கொண்டு சரிபாருங்கள்.

நகரத்துச் சபைகள் இதில் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. ஞாயிறு பிற்பகலில் ஆராதனை மண்டபம் வெறுமையாகவே கிடக்கிறது. இரண்டு டிராப், ஒரு அழுத்தச் சோதனைப் பம்பு, வாயு அளக்கும் கருவி ஒன்று, தொழிற்பயிற்சி நிலையத்தில் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவர், இவ்வளவு போதும். மேஸ்திரிமார் தங்கள் கையாட்களோடு வரட்டும். சபைக்கு வெளியேயுள்ள தோழர்களையும் அழைக்கட்டும். திறன் தேர்வுக்குப் பெயர் கொடுக்க ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம் ஆகியவற்றை அன்றே கொண்டுவரச் சொன்னால், படிவம் நிரப்பத் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் மாலை ஜெபத்துக்கு மணியடிக்குமுன் எழுதி முடித்துவிடுவார்கள்.